கெட்டித் துணி

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். கட்டில் நீளம் போதவில்லை, கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இந்த மாதம் எந்த ரூட்டில் பஸ்? பாப்பா பள்ளிக்கூடத்தில் யாரையாவது கடித்து வைத்தாளா? எல்லாவற்றையும் விவரமாக எழுது. போனில் பேசலாமே என்று கேட்காதே. இங்கே டவர் கிடையாது. இருந்தாலும் பிரயோசனமில்லை, கேட்டிலேயே போன், லைட்டர், தீப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். கேஸ் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு பொறி போதுமாம். மளிகை வண்டி வாரம் ஒரு முறை வரும். தபால் வருவதும் போவதும் அதில்தான்.

என் வேலை என்ன என்று அத்தானைக் கேட்டிருப்பாய். 'சும்மா நிற்கிற வேலை' என்று சொல்லியிருப்பார். பாதி உண்மைதான். ஃபயர் வாட்ச் என்று பெயர். கிணற்றைச் சுற்றி எங்கே வெல்டிங் நடந்தாலும் பக்கத்தில் நான் தீயணைக்கும் சிலிண்டரோடு நிற்கவேண்டும். சட்டைப்பையில் ஒரு சின்ன மீட்டர் இருக்கிறது, காற்றில் கேஸ் கலந்தால் அது கத்தும். கசிவு ஏற்பட்டுச் சைரன் அடித்தால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதும் நான்தான். கிழக்கே ஒரு கூடுமிடம், மேற்கே ஒரு கூடுமிடம். கேஸைக் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போகவேண்டும். உன் தம்பி படித்த படிப்புக்கு இவ்வளவுதான் வேலை.

காற்று எந்தப் பக்கம் என்று காட்ட, கம்பத்தின் உச்சியில் ஒரு காற்றுப்பை கட்டியிருக்கிறார்கள். ஆரஞ்சு நிறம், பேண்டின் ஒற்றைக் கால் மாதிரி இருக்கும், வாய் அகலம், வால் குறுகல். அது கிழிந்து நார்நாராகத் தொங்குகிறது. புதிது கேட்டு எழுதிப்போட்டு மாசக்கணக்காகிறதாம். எங்கள் பாதுகாப்பு அதிகாரி (குரலை வைத்து அவருக்குச் சைரன் சார் என்று பெயர்) யார் வீட்டிலாவது தையல் தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டார். நான் கையைத் தூக்கிவிட்டேன். பின்பக்கத்தில் அளவு வரைந்திருக்கிறேன். கெட்டியாகத் தைத்து அனுப்பு. இங்கே அடிக்கிற காற்றில் எதுவும் மூன்று மாதம் தாங்குவதில்லை.

சும்மா நிற்கும்,
உன் தம்பி

பிப்ரவரி 26

தம்பிக்கு அக்கா எழுதுவது,

இங்கே எல்லாரும் நலம். முதுகு வலிக்கிறது, ஆனால் வலிப்பதும் பழகிப்போனது. பாப்பா இப்போது கடிப்பதில்லை, கிள்ளுகிறாள். அத்தானுக்கு ஆஸ்பத்திரி ரூட். ஏறுகிறவர்கள் எல்லாம் தங்கள் நோயைச் சொல்லிக்கொண்டே ஏறுகிறார்களாம். வீட்டுக்கு வந்ததும் அவருக்கு அந்த நோய் எல்லாம் இருக்கிற மாதிரி தோன்றுகிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. கால் வெளியே நீட்டினால் குறுக்கே படு.

நல்ல நேரத்தில் எழுதினாய். கடையில் வேலை என்று பார்த்தால் பேண்ட் நுனி மடிக்கிற வேலைதான். எல்லாரும் ரெடிமேடாக வாங்கிவிடுகிறார்கள். மெஷினை விற்றுவிட்டு அந்த இடத்தில் ஃப்ரிட்ஜை வைக்கலாம் என்று அத்தான் தினமும் ஒரு தடவை சொல்கிறார். சொல்லட்டும். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று உனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் தனியாக இருக்கும்போது எனக்கும் அந்த நினைப்பு வரத்தான் செய்கிறது.

உன் பை தயார். லாரி மூடுகிற தார்ப்பாய்த் துணி எடுத்தேன், ஆரஞ்சு நிறத்திலேயே கிடைத்தது. உள்ளே ஒரு லைனிங் வைத்து, ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். மெஷினில் இரண்டு ஊசி உடைந்தது. யானையைக் கட்டி இழுத்தாலும் கிழியாது. பார்சல் இந்தக் கடிதத்தோடு வருகிறது. மாட்டியதும் எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். குறுக்கே படுத்துப் பார்த்தேன், இப்போது தலை வெளியே நீட்டுகிறது.

பையை மாட்டிவிட்டோம். சைரன் சார் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "நாம எல்லாரும் ரிட்டயர் ஆனாலும் இது ஆகாதுப்பா" என்றார். போன வாரம் இங்கே ஒரு பேய்க்காற்று. கேபின் கூரைத் தகடு பறந்தது, சமையற்கட்டில் இருந்த பெரிய மூடி வேலி தாண்டிப் போனது, சமையல் மாஸ்டர் அதன் பின்னால் ஓடினார். உன் பை மட்டும் நீட்டிய கை மாதிரி நிமிர்ந்து நின்றது. ஒரு நூல் பிரியவில்லை. வெல்டர் தன் பேண்டையும் உன்னிடமே தைக்கக் கொடுக்கப்போவதாகச் சொல்கிறார்.

மற்றக் கிணறுகளுக்கும் சேர்த்துச் சாமான் வாங்கும் ஸ்டோர்காரர் வந்திருந்தார். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உன் விலாசத்தை எழுதிக்கொண்டு போனார். அத்தானிடம் சொல், ஃப்ரிட்ஜுக்கு வேறு இடம் பார்க்கட்டும்.

உன் தம்பி

மே 20

தம்பிக்கு,

நலம்தானே? ஏப்ரலில் ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அதற்குப் பிறகு எத்தனை மளிகை வண்டி வந்து போயிருக்கும். அடுப்பில் பாலை வைத்துக்கொண்டு தபால்காரரைப் பார்க்க ஓடி, இரண்டு தடவை பால் பொங்கி வழிந்துவிட்டது. கோபமா? நான் என்ன எழுதினேன் என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். பாப்பா உன் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு சைரன் மாதிரி கத்திக்கொண்டு திரிந்தாள் என்று எழுதினேன். அதில் கோபப்பட என்ன இருக்கிறது?

ஸ்டோர்காரர் வந்தார். பேச்சு நடக்கிறது. முழுதும் முடிந்த பிறகு சொல்கிறேன். நீ இரண்டு வரியாவது எழுது.

அக்கா

ஜூன் 3

மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். தங்கள் நலனையும், தங்கள் கணவர், குழந்தை ஆகியோரின் நலனையும் அறிய ஆவல். எனக்கு வேலை அதிகமாக இருந்த காரணத்தால் கடிதம் எழுத இயலவில்லை. சமையற்கட்டில் கையில் வெந்நீர் பட்டுவிட்டது. பயப்படும்படியாக ஒன்றும் இல்லை. கட்டுப் போட்டிருப்பதால் வேறொருவர் எழுதித் தருகிறார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் சரியாக நடக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் சகோதரன்

ஜூன் 14

டேய்,

உன் கடிதம் கிடைத்தது. கிடைத்தது என்றுதான் சொல்லவேண்டும், வாசித்தால் முனிசிபாலிட்டி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. எழுதித் தருகிற புண்ணியவானுக்கு என் வணக்கத்தைச் சொல், கையெழுத்து அழகாக இருக்கிறது. ஆனால் என் தம்பி எங்கே போனான்? ஒரு கிண்டல் இல்லை, ஒரு திட்டு இல்லை. ஃபயர் வாட்சுக்குச் சமையற்கட்டில் என்ன வேலை? கொதிக்கிற பாத்திரத்தில் போய்க் கையை விட்டாயா? மருந்து ஒழுங்காகப் போடு. நலமாக இருக்கிறேன் என்று நீயே ஒரு கோடு கிழித்தாவது அனுப்பு.

இப்போது நல்ல செய்தி. ஸ்டோர்காரர் ஆர்டர் கொடுத்துவிட்டார். எல்லாக் கிணறுகளுக்கும் சேர்த்துப் பதினான்கு பை. உங்கள் கம்பத்தில் புயலில் நின்றதைப் பார்த்தவர் அல்லவா, அதே துணி, அதே தையல்தான் வேண்டும் என்றார். நாலு முடித்து அனுப்பியும் விட்டேன், நாலு கிணற்றில் மாட்டியாகிவிட்டதாம். அத்தான் இரண்டாவது மெஷின் பார்த்து வைத்திருக்கிறார். ஆமாம், அவரேதான். ராத்திரி சாப்பிடும்போது பாப்பாவிடம், "உங்கம்மா இப்ப கம்பெனிக்கே தைக்கிறா" என்றார். நான் காதில் விழாத மாதிரி எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் பாத்திரம் கழுவியதே இல்லை.

எல்லாம் உன்னால்தான். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூன் 24

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மாஸ்டர் வாசித்துக் காட்டினார். ரொம்ப சந்தோஷம். இரண்டாவது மெஷினை மோட்டார் வைத்ததாகப் பார்த்து வாங்கு, முதுகுக்கு நல்லது. இங்கே எல்லாரும்

அம்மா, நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதுவரை தம்பி சொல்லச் சொல்ல எழுதியது நான்தான், சமையல் மாஸ்டர். 'இங்கே எல்லாரும் சௌக்கியம்' என்று எழுதச் சொன்னார். நான் பேனாவை மூடிவிட்டேன். உங்கள் கடிதத்தில் பதினான்கு பை என்று வாசித்த இடத்திலிருந்து அவர் முகம் சரியில்லை. "என்னன்னு சொல்லு தம்பி, இல்லாட்டி வேற ஆளைப் பாரு. நான் சோறுதான் ஆக்குவேன், இனிமே பொய் ஆக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் டீ கொண்டுபோனேன். "எழுதுங்க மாஸ்டர்" என்றார். இனி அவர் வார்த்தை.

அக்கா, என் கையில் பட்டது வெந்நீர் இல்லை, நெருப்பு.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலையில் வால்வு ஒன்று கசிந்து சைரன் அடித்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். உன் பை அசையாமல் தொங்கியது. காற்றே இல்லை என்று நினைத்தேன். காற்று இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கிற கூடுமிடத்துக்குப் போவதுதான் இங்கே வழக்கம். எல்லாரையும் கிழக்கே கூட்டிக்கொண்டு போனேன். போய் நின்றதும் என் சட்டைப்பையில் இருந்த மீட்டர் கத்தியது. கேஸ் எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறது. அங்கே ஒரு தண்ணீர் லாரி எஞ்சின் ஓடியபடி நின்றது, சைரனைக் கேட்டு டிரைவர் அப்படியே இறங்கி ஓடியிருந்தார். எல்லாரையும் மேற்கே ஓடச் சொல்லிவிட்டு நான் எஞ்சினை நிறுத்தப் போனேன். அவசரத்தில் கையுறையைக் கழற்றிவிட்டிருந்தேன். சாவியைத் தொடுவதற்கும் கேஸ் பற்றிக்கொள்வதற்கும் சரியாக இருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். இரண்டு கையும் வெந்துவிட்டது, ஒரு பக்கக் காதும் கொஞ்சம். மற்ற யாருக்கும் ஒன்றும் இல்லை.

கீழே கிடந்தபடி பார்த்தேன். லாரியிலிருந்து எழுந்த புகை நிதானமாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. காற்று இருந்திருக்கிறது அக்கா. உன் பை அப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. துணி கனம். பேய்க்காற்றுக்குத்தான் எழுந்திருக்கும். பெருங்காற்று அடித்தால் கேஸ் தானே கலைந்துவிடும். ஆட்கள் இருக்கிற இடம் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பது மெல்லிய காற்றுதான்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் அன்று காற்றே இல்லை என்று சொல்லிவிட்டேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். இங்கே இருந்த பையில் கரி படிந்துவிட்டது என்று சாக்குச் சொல்லி இறக்க வைத்தேன், பழைய கிழிசலே இப்போது ஆடுகிறது. கெட்டியாகத் தை என்று கேட்டவன் நான். மாட்டியவனும் நான். இளங்காற்றுக்கு எழுகிறதா என்று நின்று பார்க்காதவனும் நான். உனக்குத் தெரியாமல் இருந்தால் உன் மனசு நோகாது, இத்தோடு போய்விடும் என்று இருந்தேன். நாலு கிணற்றில் அது தொங்கும் என்று நினைக்கவில்லை.

தைக்கிறதை நிறுத்து அக்கா. நாளைக் காலையில் சைரன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். வேலை போனால் போகட்டும்.

தம்பி

ஜூலை 8

அக்காவுக்கு,

நீ நலமா? அத்தான், பாப்பா நலமா? இரண்டு வண்டி வந்தது, உன் கடிதம் இல்லை.

சைரன் சாரிடம் சொன்னேன். அவர் குரல் தாழ்ந்து பேசி அன்றுதான் கேட்டேன். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். உடனே வயர்லெஸ்ஸில் எல்லாக் கிணறுகளுக்கும் பேசினார். விசாரணையில் பொய் சொன்னதற்காக என்னை ஃபயர் வாட்ச் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது நியாயம்தான். கட்டுப் போட்ட கையோடு ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று கிணற்றில் பழைய பை கிடந்ததால் உன் பையை இறக்கிவிட்டு அதை மாட்டிவிட்டார்கள். நாலாவது கிணற்றில் மாற்றுப் பை இல்லை. கம்பம் வெறுமையாக இருந்தால் வேலையை நிறுத்தவேண்டும் என்பது விதி. வேலையை நிறுத்த அங்கே இருக்கிற அதிகாரிக்கு மனசில்லை. "நல்லாத்தானே இருக்கு, வேற வரட்டும் பார்க்கலாம்" என்கிறாராம். கீழே தினமும் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். கம்பெனிப் பை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

மெல்லிய துணியில் ஒன்று தைத்துத் தருவாயா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். பதில் போடு அக்கா. திட்டியாவது போடு.

தம்பி

(அம்மா, தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு வரி போடுங்கள். மாஸ்டர்)

ஜூலை 29

தம்பிக்கு,

நீ சுகமா என்று கேட்கமாட்டேன். சுகம் என்று எழுதினால் இனி நான் நம்புவதாக இல்லை. எந்த விரல் மடங்குகிறது, எது மடங்கவில்லை, காது கேட்கிறதா, டாக்டர் என்ன சொன்னார், ஒவ்வொன்றாக மாஸ்டர் எழுதட்டும். உன்னிடம் கேட்கவில்லை, அவரிடம் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு மெஷின் பக்கம் போகவே முடியவில்லை. ஒரு போர்வையைப் போட்டு அதை மூடினேன். நான் தைத்தது உன் கையைச் சுட்டுவிட்டதே என்று அழுதேன். அழுது ஓய்ந்ததும் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை. பை கனம் என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் நான் அந்த நாலையும் தைத்திருக்கமாட்டேன். என் மனசு நோகக்கூடாது என்று பார்த்தாயே, அந்த நாலு கிணற்று ஆட்களை என் தலையில் கட்டினாயே, அதை யோசித்தாயா? அவர்களில் ஒருத்தர் வெந்து செத்திருந்தால் யார் போய் அந்த வீட்டு வாசலில் நிற்பது?

உன் இரண்டாவது கடிதம் வந்ததும் போர்வையை எடுத்தேன். குடை தைக்கிற மெல்லிய துணி வாங்கி ஒன்று தைத்தேன். ஒற்றைத் தையல்தான், லைனிங் கிடையாது. எழுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? அத்தான் மொட்டைமாடிக்கு வந்தார். நான் கொடியில் புதுப் பையையும், அனுப்பாமல் வைத்திருந்த கெட்டிப் பையையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டேன். அவர் சிகரெட் பற்றவைத்து நின்றார். புகை சாய்ந்த பக்கம் புதுப் பையின் வால் மெதுவாக எழுந்தது. மற்றது அசையவே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சிகரெட்டால் நடந்த ஒரே நல்ல காரியம் அது. கெட்டிப் பையை உடனே கொடியிலிருந்து பிடுங்கி எடுத்தேன்.

பையை ஸ்டோர்காரரிடம் கொண்டுபோனேன். விரலால் தேய்த்துப் பார்த்தார். இது ஒரு பருவத்துக்குக்கூடத் தாங்காது, கிழிந்துவிடும் என்றார். "கிழியட்டும் சார். கிழிஞ்சா சொல்லி அனுப்புங்க, வேற தைச்சுத் தரேன். கிழியாத பையை இனிமே நான் தைக்கிறதா இல்லை" என்றேன். பழைய ஆர்டரை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது மெஷின் இப்போதைக்கு இல்லை.

அத்தானுக்கு லீவு கிடைத்த அன்று ஸ்டோர் ஜீப்பிலேயே அந்த நாலாவது கிணற்றுக்குப் போனோம். கேட்டில் என் போனையும் அத்தானின் லைட்டரையும் வாங்கிக்கொண்டார்கள். உள்ளே விடமாட்டோம் என்றார்கள். நான் உள்ளே வரவில்லை, அந்தக் கெட்டிப் பையை இறக்குகிற வரைக்கும் இங்கேயே நிற்கிறேன் என்றேன். அந்த அதிகாரி வந்து, "நல்ல துணிம்மா, எதுக்கு வீணாக்கணும்" என்று கேட்டார். "என் தம்பி கை வெந்துபோச்சு சார்" என்றேன். அவர் திரும்பி ஒரு ஆளைக் கூப்பிட்டார். அவன் ஏறி இறக்கினான். புதுசைக் கட்டினான். அது ஆடுகிறதைப் பார்த்த பிறகுதான் ஜீப்பில் ஏறினேன்.

உங்கள் கம்பத்துக்கும் ஒன்று இந்த வண்டியில் வருகிறது. மாட்டினால் போதாது, நின்று பார்.

அக்கா

நவம்பர் 4

அக்கா,

நானே எழுதுகிறேன். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. மடங்கப்போவதும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவை வேலை செய்கின்றன. காது கேட்கிறது. இந்தப் பக்கத்தை எழுத எனக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. மையில் விழுந்த எறும்பு நடந்துபோன மாதிரி இருக்கிறது என்று மாஸ்டர் சொல்கிறார். நீ, அத்தான், பாப்பா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? உள்ளதை உள்ளபடி எழுது, நானும் அப்படியே எழுதுகிறேன்.

போன மாதம் என்னைத் திரும்ப ஃபயர் வாட்சில் போட்டார்கள். முதல் நாள் கம்பத்தடியில் நின்று வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். சைரன் சார் தூரத்தில் இருந்து பார்த்தார்.

போன வாரம் மறுபடி கசிவு. அதே வால்வு இல்லை, வேறொன்று. சைரன் அடித்ததும் அண்ணாந்து பார்த்தேன். இலைகூட அசையாத காலை. பையின் வால் மட்டும் மேற்கே லேசாக எழுந்தது. கிழக்கே கூட்டிக்கொண்டு போனேன். நான் வெந்த அதே இடம். பயந்துகொண்டுதான் போனேன். எல்லாரும் வந்து நின்றார்கள், மாஸ்டர் கையில் கரண்டியோடு நின்றார். என் சட்டைப்பையில் மீட்டர் கத்துகிறதா என்று கையை வைத்துக்கொண்டே இருந்தேன். கத்தவில்லை. வால்வை மூடினார்கள், திரும்பி வேலைக்குப் போனோம்.

நேற்று அடித்த காற்றில் உன் பை வாயிலிருந்து வால் வரைக்கும் கிழிந்துவிட்டது. சீக்கிரம் இன்னொன்று தைத்து அனுப்பு.

உன் தம்பி